ஜாவா 21-ஆ, ஏடபிள்யூஎஸ்ஸா? பதினைந்து வருட அனுபவக்காரர் எதை எழுதலாம்

ஜாவாவிலேயே பதினைந்து வருடம் ஓட்டியவர் இன்று சான்றிதழ் என்று யோசித்தால் கண்ணில் படுபவை நான்கு: ஆரக்கிளின் ஜாவா எஸ்இ 21 (1இசட்0-830), அமேசான் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸின் டெவலப்பர் அசோசியேட் (டிவிஏ-சி02), ஜாவா ஃப்ரேம்வொர்க்கான ஸ்பிரிங்குக்கு ஸ்பிரிங் புரொஃபெஷனல் (2வி0-72.22), கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் பக்கம் சிகேஏடி. நான் எழுதியது முதலாவதை. சாய்வும் அந்தப் பக்கம்தான், அதை மனதில் வைத்தே மேலே படியுங்கள்.

கட்டணம், நேரம் எல்லாம் ஒரு மூச்சில்: ஆரக்கிள் 245 டாலர், 50 கேள்வி, 120 நிமிடம், பாஸாக 68 சதவீதம். ஏடபிள்யூஎஸ் 150 டாலர், 65 கேள்வி, 130 நிமிடம், பாஸாக ஆயிரத்துக்கு 720. ஏடபிள்யூஎஸ் மலிவு. இந்த அனுபவத்தில் இருப்பவருக்கு அந்த வித்தியாசம் ஒரு காரணமே இல்லை.

காரணம் ஆக வேண்டியது பராமரிப்பு. ஏடபிள்யூஎஸ் சான்றிதழின் ஆயுள் 3 வருடம். சிகேஏடிக்கு 2024 ஏப்ரலிலிருந்து 2 வருடம்தான், அதற்கு முன் 3 இருந்தது. தேதி தாண்டினால் சான்றிதழ் காலாவதி. ஏடபிள்யூஎஸ்ஸைப் புதுப்பிக்க அப்போதைய பரீட்சையை மறுபடி எழுத வேண்டும், அல்லது மேல்நிலைப் பரீட்சையான டெவ்ஆப்ஸ் இன்ஜினியர் புரொஃபெஷனலைத் தேற வேண்டும். பாஸ் செய்தவருக்கு அடுத்த பரீட்சைக்குப் பாதிக் கட்டணம் என்பதால் பத்து வருடத்துக்கு 150-உம் மூன்று 75-உம் சேர்ந்து 375 டாலர். பணம் பெரிதல்ல. ஒவ்வொரு முறையும் மாலை நேரங்களில் நாற்பது மணி நேரமாவது போகும், அதுதான் கணக்கு. மெசேஜ் வரிசையான எஸ்க்யூஎஸ்ஸில் விசிபிலிட்டி டைம்அவுட் இயல்பாக 30 விநாடி, லாம்டா ஃபங்ஷன் ஓடுவது அதிகபட்சம் 15 நிமிடம், டைனமோடிபி டேட்டாபேஸில் ஒரு ரீட் யூனிட் என்றால் 4 கேபி, ஒரு ரைட் யூனிட் என்றால் 1 கேபி என்று மறுபடி மறுபடி உருப்போட வேண்டும். தினமும் அதிலேயே புழங்குபவருக்கு இது தானாக நினைவில் நிற்கும். ப்ராஜெக்ட் அஷுரிலோ சொந்த டேட்டா சென்டரிலோ ஓடினால், பரீட்சை முடிந்த ஆறாம் மாதம் பாதி மறந்திருக்கும்.

ஆரக்கிளின் ஜாவா சான்றிதழுக்குக் காலாவதித் தேதி கிடையாது. அதனால் பராமரிப்பே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது, அதன் பெயரில் இருக்கும் எண்ணுக்கு வயதாகிறது. 2014-இல் வந்த ஜாவா 8-இன் பேட்ஜை இப்போது ரெஸ்யூமில் முன்னால் வைத்தால், 'அதற்குப் பிறகு என்ன படித்தீர்கள்?' என்ற கேள்வியை நாமே எடுத்துக் கொடுத்த மாதிரி. 8-இலிருந்து 11-க்கு ஏற 1இசட்0-817 என்று ஓர் அப்கிரேடு பரீட்சை இருந்தது. 17-க்கும் 21-க்கும் அப்படி எதுவும் இல்லை. பழையது கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே முழுப் பரீட்சை. நீண்டகால ஆதரவுள்ள பதிப்பு இப்போது இரண்டு வருடத்துக்கு ஒன்று வருகிறது (17, 21, 25). ஒன்று விட்டு ஒன்று எழுதினால் நான்கு வருடத்துக்கு ஒரு முறை. அதைக்கூட ரிலீஸ் நெருக்கடி இல்லாத மாதமாகப் பார்த்து வைத்துக்கொள்ளலாம். எப்போது எழுதுவது என்பது நம் கையில் இருப்பதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

படிப்பும் வீண் போகாது. ஜாவா 8-லேயே தங்கிவிட்டவருக்கு இந்தப் பாடத்திட்டம் பத்து வருட இடைவெளியை ஒழுங்காக மூடுகிறது. ஓர் உதாரணம். 1, 2, 3 உள்ள அரேலிஸ்ட்டில் ரிவர்ஸ்ட் மெத்தடை அழைத்து, வந்த லிஸ்ட்டில் 4-ஐச் சேர்க்கிறீர்கள். மூல லிஸ்ட்டை அச்சிட்டால் என்ன வரும்? 4, 1, 2, 3. வந்தது நகல் அல்ல, அதே லிஸ்ட்டின் தலைகீழ்ப் பார்வை. கடைசியில் சேர்த்தது மூலத்தில் முதலில் போய் உட்காரும். 21-இல் வந்த இந்த வசதியை அவசரத்தில் பயன்படுத்தினால் புரொடக்‌ஷனில் இதே தவறுதான் நடக்கும்.

அனுபவசாலிகள் கோட்டை விடுவது புது விஷயங்களில் அல்ல, ஐடிஇ (நிரல் எழுதும் மென்பொருள்) சிவப்புக் கோடு போட்டுக் காப்பாற்றிய இடங்களில். ஸ்விட்ச்சில் கார்சீக்வன்ஸ் கேஸ் மேலேயும் அதற்குள் அடங்கும் ஸ்ட்ரிங் கேஸ் கீழேயும் இருந்தால் கம்பைல் ஆகாது. ஸ்ட்ரீமின் டூலிஸ்ட் தரும் லிஸ்ட்டில் எதையும் சேர்க்க முடியாது. லிஸ்ட்.ஆஃப் மூலம் உருவாக்கியதிடம் நல் (null) இருக்கிறதா என்று கேட்டாலே நல் பாயின்டர் எக்ஸெப்ஷன். 'கம்பைல் ஆகாது' என்ற விடை அடிக்கடி எட்டிப் பார்க்கும், அதைக் கண்ணால் பிடிக்க வேண்டும். அதனால் பயிற்சியைச் சாதாரண எடிட்டரிலும் ஜாவாசி கம்பைலரிலும் செய்யுங்கள். சின்ன நிரல் துணுக்குகளுக்கு, வரி வரியாக ஓட்டிப் பார்க்கும் ஜேஷெல் போதும். ஒரு கேள்விக்கு 2 நிமிடம் 24 விநாடி கிடைக்கிறது, ஜாவா 17 பரீட்சையில் 1 நிமிடம் 48 விநாடிதான். 17-ஐத் தொடாமல் நேராக 21-க்குப் போக இது ஒன்றே போதும். 34 கேள்வி சரியானால் பாஸ்.

பரீட்சை சொல்லித் தராததும் உண்டு. வெர்ச்சுவல் த்ரெட் (ஆயிரக்கணக்கில் உருவாக்கக்கூடிய லேசான த்ரெட்) பற்றிக் கேட்பார்கள், ஆனால் ஸ்பிரிங் பூட் 3.2-இல் ஒரு ப்ராப்பர்ட்டியால் அதை இயக்கிவிட்டு, டேட்டாபேஸ் இணைப்புகளைக் கையாளும் ஹிகாரி கனெக்‌ஷன் பூலை இயல்பான 10-லேயே விட்டால் என்ன ஆகும் என்பது அதில் இல்லை. ஆயிரம் ரிக்வெஸ்ட் உள்ளே வந்து பத்து கனெக்‌ஷனுக்கு வரிசையில் நிற்கும், 30 விநாடி தாண்டியவை டைம்அவுட் ஆகும். அதே போல, 8-இலிருந்து 17-க்கு மாற்றும்போது ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டில் நினைவகம் சார்ந்த பழைய ஆப்ஷன்களான சிஎம்எஸ் ஜிசியோ மேக்ஸ்பெர்ம்சைஸோ ஒட்டிக்கொண்டிருந்தால் ஜாவாவை ஓட்டும் ஜேவிஎம் எழும்பவே எழும்பாது. எக்ஸ்எம்எல் லைப்ரரியான ஜாக்ஸ்பி 11-இலேயே ஜேடிகேயை விட்டு வெளியேறியது. பூட் 3-க்கு ஏறினால் சர்வ்லெட், ஜேபிஏ போன்ற ஜாவா இஇ பக்கத்து ஜாவக்ஸ் பேக்கேஜ்கள் ஜகார்த்தா ஆக வேண்டும். ஒரு சின்ன உள் ப்ராஜெக்ட்டை எடுத்து எது எதை நம்பியிருக்கிறது என்று காட்டும் ஜேடெப்ஸ் ஓட்டி, நிரலைத் தானாகத் திருத்தும் ஓபன்ரீரைட்டால் மாற்றிப் பார்ப்பதைப் படிப்போடு சேர்த்தே செய்யுங்கள். இன்டர்வியூவில் பேச்சு வளர்வது இதில்தான்.

25-க்குக் காத்திருக்கலாமா? வேண்டாம். 21-க்குப் படித்ததில் பின்னால் திருத்திக்கொள்ள வேண்டியது கொஞ்சம்தான். கன்ஸ்ட்ரக்டரில் சூப்பர் அழைப்பே முதல் வரியாக இருக்க வேண்டும் என்பது 21-இல் சரி, 25-இல் இல்லை. சிங்க்ரனைஸ்ட் பிளாக்கில் வெர்ச்சுவல் த்ரெட் சிக்கிக்கொள்வது 24-இல் சரிசெய்யப்பட்டுவிட்டது.

ஏடபிள்யூஎஸ்ஸை முதலில் வைக்க வேண்டியவர்களும் உண்டு. சர்வீஸ் கம்பெனியில் இருந்து, கிளையன்ட் கிளவுடில் இருந்தால் மேனேஜர் கேட்பது அதைத்தான், பெரும்பாலும் கட்டணத்தையும் கம்பெனியே கட்டும். அந்தப் பரீட்சையில் 26 சதவீதம் செக்யூரிட்டி. ஐஏஎம் (அனுமதிகள்), கேஎம்எஸ் (என்க்ரிப்ஷன் சாவிகள்), காக்னிட்டோ (லாகின்) என்று ஜாவா ஆட்கள் வழக்கமாக அடுத்த டீமிடம் தள்ளிவிடும் பகுதி. அதற்காகவே படிக்கலாம். இரண்டில் எது சம்பளத்தை அதிகம் உயர்த்தும் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆளுக்கு ஆள், கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது.

ஸ்பிரிங் பரீட்சையின் சிக்கல் அது நிற்கும் இடம். ஸ்பிரிங் 5, பூட் 2 காலத்துப் பாடத்திட்டம் அது, பூட் 2.7-இன் இலவச ஆதரவோ 2023 நவம்பரில் முடிந்துவிட்டது. நடத்துபவரும் பிவோட்டல், விஎம்வேர், பிராட்காம் என்று மாறிக்கொண்டே வந்தார்கள். சிகேஏடி நல்ல பரீட்சை. கேள்வி-பதில் கிடையாது, இரண்டு மணி நேரம் டெர்மினலில் வேலை செய்து காட்ட வேண்டும். தினமும் யாமல் (குபர்நெட்டிஸ் அமைப்புக் கோப்பு) தொடாதவர் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அதற்குத் தயாராவது கொஞ்சம் அதிகம்.

ஆரக்கிளுக்குத் தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் பத்துப் பன்னிரண்டு வாரம் பிடிக்கும். மாட்யூல், கன்கரன்ஸி, லோக்கலைசேஷன் மூன்றையும் கடைசிக்குத் தள்ளாதீர்கள், வேலையில் தொடாதவை அவைதான். தவறினால் ஆரக்கிளிலும் ஏடபிள்யூஎஸ்ஸிலும் 14 நாள் கழித்துத்தான் மறுபடி எழுதலாம், சிகேஏடியில் ஒரு மறுவாய்ப்பு இலவசம். பதிவு செய்யும்போது பெயரைப் பாருங்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருந்து, கணக்கில் இனிஷியல் மட்டும் இருந்தால் அடையாளச் சரிபார்ப்பில் திருப்பி அனுப்பிவிட வாய்ப்புண்டு. தேதி குறிப்பதற்கு முன்பே ப்ரொஃபைலைத் திருத்திவிடுங்கள்.