சட்டமா, மோதல் தீர்வா? பெட்ரா பிராங்காவை வைத்து ஓர் அலசல்

தொடக்கக் கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகள் சிங்கப்பூரின் தேக்காவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டாள்: "சித்தப்பா, போர், அமைதி இதைப் பத்தியெல்லாம் ஆராய்ச்சி செஞ்சு பேராசிரியர் ஆகணும். சட்டம் படிக்கவா, அனைத்துலக உறவுகள் படிக்கவா?" அவசரமாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்ததை எழுதுகிறேன்.

இரண்டு துறைகளும் எப்படி வேறுபடுகின்றன என்பதை, சிங்கப்பூரும் மலேசியாவும் உரிமை கோரிய பெட்ரா பிராங்கா என்ற சிறு தீவின் விவகாரத்தை வைத்தே சொல்லிவிடலாம். 1979ல் மலேசியா அந்தத் தீவைத் தன் எல்லைக்குள் காட்டி வரைபடம் வெளியிட்டது. அடுத்த ஆண்டே சிங்கப்பூர் எதிர்ப்புத் தெரிவித்தது. 2003ல் இரு நாடுகளும் உடன்பாடு செய்து வழக்கை ஹேக்கில் உள்ள அனைத்துலக நீதிமன்றத்திடம் கொடுத்தன. 2008 மே 23ல் தீர்ப்பு வந்தது. தீவு சிங்கப்பூருக்கு, பக்கத்திலிருக்கும் மிடில் ராக்ஸ் மலேசியாவுக்கு.

சட்ட ஆய்வாளர் முதலில் தேடிப் போவது, இன்று மலேசிய மாநிலமாக இருக்கும் ஜொகூரின் அரசு 1953ல் எழுதிய கடிதத்தை. தீவின் உரிமையை ஜொகூர் கோரவில்லை என்று அதில் இருந்தது. எழுதியவர் தற்காலிகமாகப் பொறுப்பு வகித்த மாநிலச் செயலாளர். ஓர் அரசின் சார்பில் அப்படிச் சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டா? அந்த ஒரு வரிக்கு எவ்வளவு கனம்? தீவு முதலில் ஜொகூருடையதுதான், ஆனால் இரு தரப்பின் நடத்தையால் 1980க்குள் உரிமை சிங்கப்பூருக்கு வந்துவிட்டது என்றது நீதிமன்றம். அந்த முடிவு சரியா என்று வாதாடுவதிலேயே ஒரு சட்ட ஆய்வாளரின் பல ஆண்டுகள் போகலாம்.

அனைத்துலக உறவுகள் படித்து மோதல் தீர்வை, அதாவது நாடுகளின் சண்டை எப்படித் தீர்கிறது என்பதை, ஆராய்பவருக்கு அந்தக் கடிதம் இரண்டாம்பட்சம். கசப்பு இருந்தபோதும் இரு அரசுகளும் நீதிமன்றத்துக்குப் போக எப்படிச் சம்மதித்தன? தோற்றாலும் ஏற்றுக்கொள்வோம் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்க எது துணிவு தந்தது? 2017ல் தீர்ப்பை மறுஆய்வு செய்யக் கேட்ட மலேசியா 2018ல் ஏன் அதைக் கைவிட்டது? விடை தேட அதிகாரிகளைச் சந்தித்துப் பேச வேண்டும், உள்நாட்டு அரசியலைப் புரிந்துகொள்ள வேண்டும். களப்பணியும் பிற மொழியறிவும் இல்லாமல் இது நடக்காது.

படிக்க இடம் இரண்டுக்குமே இங்கே உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுச் சட்டப் படிப்போடு, 2009ல் தொடங்கிய அனைத்துலகச் சட்ட நிலையமும் இருக்கிறது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருப்பது 1996ல் பாதுகாப்பு ஆய்வு நிலையமாகத் தொடங்கி, 2007ல் எஸ். ராஜரத்தினத்தின் பெயர் பெற்ற, அனைத்துலக உறவுகளுக்கான உயர்கல்விக் கூடம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சரான அந்தத் தமிழரின் பெயரை அங்கே பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும்.

மத்தியஸ்தம் படிக்கலாமே என்றும் சிலர் சொல்வார்கள். 2019 ஆகஸ்ட் 7ல் முதல் நாளிலேயே 46 நாடுகள் கையெழுத்திட்ட, மத்தியஸ்தம் பற்றிய ஐநாவின் சிங்கப்பூர் ஒப்பந்தம் பெருமைக்குரியதுதான். ஆனால் அது வணிகத் தகராறுகளுக்கானது. போரை நிறுத்தும் வேலையோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சரி, எதை எடுப்பது? என் பதில், முதலில் சட்டம். எஸ். ஜெயக்குமாரும் டாமி கோவும் சட்டப் புலத்தின் தலைவர்களாக இருந்தவர்கள், ஐநாவில் சிங்கப்பூரின் தூதர்களாகவும் பணியாற்றியவர்கள். கடல் சட்டத்துக்கான ஐநா மாநாட்டின் கடைசிக் கட்டத்துக்கு டாமி கோ தலைமை தாங்கினார். பெட்ரா பிராங்கா வழக்கில் இருவருமே சிங்கப்பூருக்காக ஹேக்கில் வாதாடினார்கள். சட்டத்திலிருந்து பேச்சுவார்த்தை மேசைக்குப் போன வழி அது. அரசியல் படித்துவிட்டுச் சட்டப் புலத்தில் வேலை தேடுவது அதைவிடக் கடினம். நிரந்தரப் பேராசிரியர் பதவிகள் எங்குமே குறைவு, ஆய்வு நிலைய வேலைகள் பலவும் ஒப்பந்த அடிப்படையில்தான். சட்டப் பட்டம் இருந்தால், நாளைக்கு ஆய்வுப் பணி கைகூடாவிட்டாலும் வழக்கறிஞராகும் பாதை திறந்தே இருக்கும்.

அதே நேரம், சட்டத்தின் நடையே பிடிக்காத பிள்ளையை அதற்குள் தள்ளினால் முனைவர் பட்டம் பாதியில் நின்றுபோகும். அதனால் அவளிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன். பெட்ரா பிராங்கா தீர்ப்பு அனைத்துலக நீதிமன்றத்தின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இந்த விடுமுறையில் அதைப் படி. 1953 கடிதம் பற்றிய பகுதியில் நின்று யோசிக்கிறாயா, தாண்டிப் போகிறாயா என்று வந்து சொல்.