சூடை மீனா, மீன் எண்ணெய்க் குளிசையா?

திருகோணமலையில் சூடை மலிவாக விற்கும் நாளிலும் பாமசியில் மீன் எண்ணெய்க் குளிசை கேட்டு நிற்பவர்கள் உண்டு. இரண்டிலும் தேடுவது ஒமேகா-3 கொழுப்பைத்தான்.

வழக்கமான 1000 மில்லிகிராம் குளிசையில் இபிஏ, டிஎச்ஏ என்ற ஒமேகா-3 வகைகள் இரண்டும் சேர்ந்து சுமார் 300 மில்லிகிராம்தான். மிச்சம் வேறு கொழுப்பு. போத்தலின் முன்பக்க எண்ணைப் பார்த்து ஏமாறவேண்டாம், பின்பக்கத்தைப் படியுங்கள். சூடையில் ஒமேகா-3 பருவத்துக்குப் பருவம் கூடிக் குறையும். ஆனால் புரதமும் பி12-உம் கூடவே வரும், முள்ளோடு மென்றால் கல்சியமும். புளிக்குழம்பாக வையுங்கள், ஆழப் பொரித்தால் நல்ல கொழுப்பில் ஒரு பங்கு சட்டி எண்ணெயோடு போய்விடும். யூரிக் அமிலம் கூடியவர்கள் மட்டும் சூடையைக் குறைக்கவேண்டும்.

வாடைக்காற்றில் கடல் கொந்தளித்து மீன் விலை ஏறும்போது குளிசை கைகொடுக்கும்தான். ஆனாலும் வார்பரின் போன்ற, இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மருந்து எடுப்பவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் தொடங்கக்கூடாது. கர்ப்பிணிகள் கொட் மீன் ஈரல் எண்ணெயைத் தவிர்க்கவேண்டும். அதிலுள்ள விற்றமின் ஏ அளவுக்கு மிஞ்சினால் சிசுவைப் பாதிக்கும். சைவக்காரருக்குப் பாசி எண்ணெய்க் குளிசை இருக்கிறது, விலைதான் கொஞ்சம் கடிக்கும்.

மற்றவர்களுக்கு என் ஓட்டு சூடைக்கே, கிழமையில் இரண்டு தரம்.