ஸ்பானியப் பழமொழிகளோடு நெடுநாள் பழகியதில்: எவை கைகொடுத்தன, எவை கொடுக்கவில்லை

மாட்ரிட்டில் ஹோட்டல் சமையற்கட்டில் வேலை பார்க்கிறவர்கள் ஸ்பானியப் பழமொழிகளைத் தேடிப் பிடித்துப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை, தானாகக் காதில் வந்து விழும். ரெஃப்ரான் என்பார்கள். உருளைக்கிழங்கு உரிக்கும்போது ஒன்று, சம்பளப் பேச்சு வந்தால் ஒன்று, வெளியே தூறல் போட்டால் ஒன்று. வருடக்கணக்காக இவற்றைக் கேட்டு, சிலவற்றை அப்படியே பின்பற்றியும் பார்த்துவிட்டேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு காரியத்தை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்கிற பழமொழிகள் வருடக்கணக்கில் உழைக்கின்றன. எல்லாம் நல்லதுக்குத்தான் என்று தேற்றுகிற பழமொழிகளை, யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

எனக்கு அதிகம் உதவியது "பீஸ்தெமெ தெஸ்பாத்தியோ, கெ தெங்கோ ப்ரீசா". எனக்கு அவசரம், அதனால் மெதுவாக உடுத்திவிடு என்று எஜமானர் வேலைக்காரரிடம் சொல்வது போல வருகிறது. மன்னர் ஏழாம் ஃபெர்னாந்தோ சொன்னதாகச் சிலர் சொல்வார்கள், நெப்போலியன் சொன்னதாகச் சிலர் சொல்வார்கள். பதறிய காரியம் சிதறும் என்று கேட்டு வளர்ந்தவன்தான் நான், ஆனாலும் அது உடம்பில் ஏறியது தோர்த்தியா என்கிற உருளைக்கிழங்கு ஆம்லெட் போடக் கற்றுக்கொண்டபோதுதான். உருளைக்கிழங்கை மெல்லிசாக நறுக்கி, ஆலிவ் எண்ணெயில் சிறு தீயில், சிவக்கவிடாமல், கரண்டியால் அழுத்தினால் உடைகிற பதத்துக்கு வேகவிட வேண்டும். அப்புறம் எண்ணெயை வடித்து, அடித்த முட்டையில் போட்டுக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, பிறகுதான் வாணலிக்குக் கொண்டுபோக வேண்டும். தீயைக் கூட்டினால் வெளியே கருகி உள்ளே கிழங்கு நறுக்கென்று கடிபடும், தட்டை மேலே கவிழ்த்துத் திருப்பிப் போடும்போது பாதி அடுப்பில் கொட்டும். மதியம் இரண்டு மணிக்கு மெனு தெல் தீயா என்கிற அன்றன்றைய மதியச் சாப்பாட்டுக்கு ஆட்கள் வந்து உட்கார்ந்து, ஆர்டர் சீட்டுகள் வரிசையாகத் தொங்க ஆரம்பித்ததும் எல்லார் கையும் பறக்கும், அப்போது எங்கள் தலைமைச் சமையல்காரர் சத்தம் போடமாட்டார். "பீஸ்தெமெ தெஸ்பாத்தியோ" என்று பாதி மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். மீதி எங்களுக்குத் தெரியும்.

இந்தப் பாதியில் நிறுத்துகிற பழக்கம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. "கொல்லன் வீட்டில்..." என்று இழுப்பார்கள், மரக்கத்தி என்ற முடிவைக் கேட்கிறவர் மனதில் போட்டுக்கொள்வார். "ஆறு சத்தம் போட்டால்..." என்பார்கள், தண்ணீர் ஓடுகிறது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒருவர் குறையை நேராகச் சொன்னால் சண்டை வரும், இப்படிப் பாதி சொன்னால் வராது. வயதில் பெரியவர் இளையவரைத் திருத்தும்போது அந்த இளையவர் முகம் வாடாமல் பார்த்துக்கொள்ள இதைவிட நல்ல வழியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. 15ஆம் நூற்றாண்டுப் பிரபுவான சாந்தில்யானா மார்க்கேஸ் பெயரில் ஒரு பழமொழித் தொகுப்பு உண்டு, 1508இல் செவியாவில் அச்சானது. அடுப்பங்கரையில் கிழவிகள் சொல்லும் பழமொழிகள் என்பதுதான் அதன் தலைப்பு. சமையற்கட்டில் நின்றுகொண்டு இவற்றைக் கேட்கிற எனக்கு அந்தத் தலைப்பு ரொம்ப நெருக்கமானது.

பணத்துக்கு வருவோம். "கணக்கு தெளிவாக இருக்கட்டும், சாக்லேட் கெட்டியாக இருக்கட்டும்" என்று ஒன்று உண்டு. அங்கே சாக்லேட் என்றால் சூரோ என்கிற எண்ணெயில் பொரித்த மாவுப் பலகாரத்தைத் தோய்த்துச் சாப்பிடுகிற கெட்டிக் குழம்பு, தண்ணியாக இருந்தால் யாரும் மதிக்கமாட்டார்கள். அறையைப் பகிர்ந்துகொண்டு இருக்கிறவர்கள் இந்த ஒன்றை முதல் நாளே நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். கரண்ட் பில், தண்ணீர் பில், வீட்டுக்காரரிடம் கொடுத்த முன்பணத்தில் யார் பங்கு எவ்வளவு, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டோம், யாருக்கும் மனக்கசப்பு இல்லாமல் வருடங்கள் ஓடின. நண்பர்களோடு வெளியே போனாலும் அப்படித்தான். ஆளுக்கு இவ்வளவு என்று முதலிலேயே வசூலித்து ஒருவர் கையில் கொடுத்துவிடுவார்கள், அதற்கு போத்தே என்று பெயர், அன்றைக்கு எல்லாச் செலவும் அதிலிருந்துதான். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் ஊரில் சொல்வதும் இதுதான், ஆனால் அங்கே அதைக் கூச்சமே இல்லாமல் செய்கிறார்கள்.

"அழாத பிள்ளைக்குப் பால் இல்லை" என்பதும் அப்படியே அங்கே இருக்கிறது. ஓவர்டைம் காசு வராத ஒரு இடத்தில், கேட்ட மாதம் வந்தது, கேட்காத மாதம் வரவில்லை. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வானிலைப் பழமொழிகளில் புகழ்பெற்றது "மே நாற்பது வரை மேலங்கியைக் கழற்றாதே". மே நாற்பது என்றால் ஜூன் 9. மாட்ரிட் கடல் மட்டத்திலிருந்து சுமார் 650 மீட்டர் உயரத்தில் இருப்பதால் பகலில் வெயில் அடித்தாலும் ராத்திரி குளிர் இறங்கிவிடும், மே 15 சான் இசித்ரோ திருவிழாவில் ஜாக்கெட்டோடு நிற்கிறவர்களைப் பார்த்தால் புரியும். இப்போதோ மே மாதத்திலேயே 30 டிகிரியைத் தாண்டுகிற நாட்கள் வந்துவிட்டன. ஆனாலும் வேலை முடிந்து நள்ளிரவில் வீடு திரும்புகிற எனக்கு அது இன்னும் சரியாகத்தான் இருக்கிறது.

இனி உதவாதது. "நன்மை கொண்டுவராத தீமை இல்லை" என்ற ஒன்றை வேலை போனாலும் சொல்வார்கள், காதல் முறிந்தாலும் சொல்வார்கள். 2020 மார்ச் 14 அன்று ஸ்பெயினில் அவசர நிலை அறிவித்து உணவகங்களையெல்லாம் மூடினார்கள், மாட்ரிட்டில் அப்போது கொரோனாவால் நடந்த சாவுகளை யாரும் மறக்க முடியாது. திரும்பவும் கடை திறந்த பிறகு, அப்பாவைப் பறிகொடுத்துவிட்டு வேலைக்கு வந்த ஒரு தோழரிடம் ஒருவர் இதைச் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். கேட்டவர் கையிலிருந்த தட்டை மேடையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார், அன்றைக்கு அவரிடம் யாராலும் பேச முடியவில்லை. துக்கத்தில் இருப்பவரிடம் நன்மையைக் கணக்குப் போட்டுக் காட்டுகிற எந்தப் பழமொழியும் கொடுமைதான் என்று அன்று முடிவு செய்தேன், இன்றுவரை யாரிடமும் அதை நான் சொல்வதில்லை.

அதே மாதங்களில் எதிர்வீட்டு பால்கனியில் ஒரு பாட்டியம்மா இருந்தார். இரவு எட்டு மணிக்கு மருத்துவப் பணியாளர்களுக்காக எல்லாரும் கைதட்டும்போது அவரும் வந்து தட்டுவார், தட்டி முடித்து உள்ளே போகும்போது "நூறு வருஷம் நீடிக்கிற கஷ்டம் கிடையாது" என்பார். இதுவும் தேற்றுகிற பழமொழிதான், ஆனால் இது மனதில் இறங்கியது. உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய நாற்பதுகளை ஸ்பெயினில் பசி ஆண்டுகள் என்றே சொல்வார்கள், அந்தப் பசியில் வளர்ந்தவர் அவர். நன்மை வரும் என்று அவர் சொல்லவில்லை, முடியும் என்றுதான் சொன்னார்.

முரண்படுகிற ஜோடிகளும் உண்டு. "அதிகாலை எழுபவனுக்குக் கடவுள் உதவுவார்" என்று ஒருவர் சொன்னால், "எவ்வளவு முன்னால் எழுந்தாலும் பொழுது சீக்கிரம் விடியாது" என்று அடுத்தவர் சொல்வார். விடியற்காலையில் எழுந்தவனுக்கு வழியில் பணப்பை கிடைத்தது என்று அப்பா சொல்ல, அதைத் தொலைத்தவன் அவனுக்கும் முன்னால் எழுந்தவன் என்று பிள்ளை பதில் சொல்கிற பழைய கதை அங்கே உண்டு. இதில் எது சரி என்று கேட்பதில் பயன் இல்லை. சோம்பலாக இருக்கிற நாளுக்கு முதலாவது, நேரம் பார்க்காமல் உழைத்துத் தேய்கிற நாளுக்கு இரண்டாவது.

புதிதாக அங்கே போகிறவர்கள் புத்தகத்திலிருந்து மனப்பாடம் செய்ய வேண்டாம். லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்தவர்களோடும் பேசிப் பாருங்கள், ஆறு சத்தம் போட்டால் கல் வருகிறது என்று அவர்களில் பலர் சொல்வார்கள். "தூங்குகிற இறால் நீரோட்டத்தோடு போகும்" என்பதையும் ஈக்வடாரிலிருந்து வந்த ஒரு தோழியிடம்தான் முதலில் கேட்டேன். அப்புறம், உங்களைவிட வயதில் மூத்தவரிடம் நீங்களாகப் பழமொழி சொல்லத் தொடங்காதீர்கள். அவர் பாதி சொன்னால் மீதியை முடித்துக் கொடுங்கள், முகம் மலர்ந்துவிடும்.