திருகா, காந்தமா?

எனக்குச் சின்ன வயதிலிருந்தே காதில் சீழ் வடியும். காதுக்குள் செருகும் மெஷின் வைத்தால் இரண்டே நாளில் ஈரமாகி நாறும். அதனால்தான் எலும்பு வழியே கேட்க வைக்கும் கருவிக்கு வந்தேன்.

புதிதாக வருபவர்கள் எடுத்தவுடன், காதுக்குப் பின்னால் எலும்பில் திருகோ தோலுக்கு அடியில் காந்தமோ வைக்கும் ஆபரேஷனுக்குத் தலையாட்ட வேண்டாம். முதலில் கருவியை சாஃப்ட்பேண்டில், அதாவது தலையைச் சுற்றிப் போடும் மீள்பட்டையில், மாட்டிப் பாருங்கள். நான் தலையில் பட்டையோடு டீக்கடைக்குப் போனேன். கிளாஸில் கரண்டி உரசும் சத்தம்! எத்தனை வருஷம் ஆயிற்று. நடுவில் தோல் இருப்பதால் கீச்சுக்குரல்கள் கொஞ்சம் மங்கும். திருகு வைத்தபின் அது தெளியும்.

இந்தக் கருவிகளில் பாஹா 6 மேக்ஸ் என்ற மாடல் 55 டெசிபல் வரையிலான உள்காது கேட்புத்திறன் இழப்புக்கு; பொன்டோ 5 மினி என்ற மாடல் 45 வரை. என் ஆடியோகிராமுக்கு (காது கேட்கும் அளவைக் காட்டும் வரைபடம்) முன்னதுதான் ஒத்துவந்தது.

அப்புறம் திருகா, காந்தமா? தோலுக்கு வெளியே நிற்கும் திருகில் ஒலி நேராக எலும்புக்குப் போகும், ஆனால் சுற்றிலும் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். காந்தத்தில் அந்த வேலை இல்லை. எம்ஆர்ஐ எடுக்கும்போதுதான் யோசனை. நான் திருகையே எடுத்தேன். குளிக்கும்போது மெல்லிய பிரஷ்ஷால் ஒரு நிமிஷம், அவ்வளவுதான். ஹெல்மெட்டோடுதான் இன்னும் சண்டை.