அட்டனில் சுற்றிய வால்வ் அம்ப் ட்ரான்ஸ்போமர்: வாங்கலாம், ஒரு திருத்தத்தோடு

வால்வ் கிட்டார் அம்ப்ளிபயருக்குக் கையால் சுற்றித் தரும் 325-0-325 வோல்ட் (நடு முனையிலிருந்து இரு பக்கமும் 325) ட்ரான்ஸ்போமர் இது. வேலைப்பாடு அருமை. வார்னிஷ் உள்வரை ஊறியிருக்கிறது. மலைநாட்டு ஈரத்துக்கு அது கட்டாயம் வேண்டும். தகடுகள் இறுக்கம், முனகலே இல்லை.

குறை ஒன்றுதான், ஆனால் பெரியது: ப்ரைமரியை (லைனில் இணைக்கும் சுற்றை) 220 வோல்ட்டுக்குச் சுற்றியிருக்கிறார்கள். நம் லைன் 230. அது 240 ஆக ஏறினால் வால்வைச் சூடாக்கும் 6.3 வோல்ட் ஹீட்டர் சப்ளை 6.9 ஆகும்; லோட் இல்லாத டிசி 460க்குப் பதில் 500ஐத் தொடும். ஓடர் கொடுக்கும்போதே ப்ரைமரியில் 240 வோல்ட் டெப் (தனி இணைப்பு முனை) கேளுங்கள்.

இதற்கு 450 வோல்ட் கப்பாசிட்டர் கூடவே கூடாது. ரெக்டிபயர் (ஏசியை டிசியாக்கும் பகுதி) டயோட் என்றால், பவர் வால்வ் சூடாகுமுன்பே முழு வோல்டேஜும் கப்பாசிட்டரின் தலையில் இறங்கும், அதன் மூடி உப்பிவிடும். 100 மைக்ரோபரட், 350 வோல்ட் கப்பாசிட்டர் இரண்டைத் தொடராக இணைத்து, ஒவ்வொன்றின் குறுக்கேயும் 220 கிலோஓம், 1 வாட் ரெசிஸ்டர் போடுங்கள். கிடைப்பது 50 மைக்ரோபரட். ரெக்டிபயர் ஜிஇசட்34 வால்வ் என்றால் முதல் கப்பாசிட்டருக்கு உச்சம் 60, அதனால் பயமில்லை. 5வை3 வால்வ் என்றால் முதல் கப்பாசிட்டர் 20ஐத் தாண்டக்கூடாது.

அந்த ரெசிஸ்டர்களே சார்ஜையும் வடிக்கும். ஓஃப் செய்து இரண்டு நிமிடம் பொறுத்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள்.