முதிரையா, தேக்கா? பழைய புத்தக அலுமாரி வாங்குவோருக்கு

வன்னியில் முதிரை மரத்துக்குத் தனி மரியாதை. வாசல் நிலை, யன்னல், கட்டில் என்று எதை எடுத்தாலும் "முதிரையில் செய்தது" என்பதே ஒரு நற்சாட்சிப் பத்திரம். அதனால் ஒரு முதிரை அலுமாரியும் ஒரு தேக்கு அலுமாரியும் ஒரே நேரத்தில் விலைக்கு வந்தால் கை தன்பாட்டில் முதிரைப் பக்கம் போகும். கண்ணாடிக் கதவு வைத்த அலுமாரி என்றால் அந்தக் கையைக் கொஞ்சம் பிடித்து வைக்கச் சொல்வேன். நான் தேக்குப் பக்கம். அழகையோ விலையையோ பார்த்துச் சொல்லவில்லை, பின்னால் வரப்போகும் பழுதுவேலையைப் பார்த்துச் சொல்கிறேன்.

உறுதியில் இரண்டுக்கும் குறையில்லை. வைரம் பாய்ந்த நடுப் பகுதியைக் கறையான் எளிதில் தொடாது. பட்டையை ஒட்டிய வெள்ளைக்கட்டை சேர்ந்த பலகை எந்த மரமானாலும் உளுக்கும். எடை வேறு: கன அடிக்குத் தேக்கு 18 கிலோ அளவில் நிற்கும், முதிரை 25 கிலோவைத் தொடும். ஆறு கன அடி மரம் போன அலுமாரியில் வித்தியாசம் 40 கிலோ. டிராக்டர் பெட்டியில் ஏற்றி இறக்கி அலைந்த ஊருக்கு இதை விளக்கத் தேவையில்லை. பெயின்ற் பூசி மறைத்திருந்தால் மேற்தட்டின் உட்பக்கத்தில் சிறிது சுரண்டிப் பாருங்கள். முதிரை மஞ்சளாக மினுங்கும். தேக்கு பொன்கபிலமாக, தொட்டால் எண்ணெய்ப் பசையாக இருக்கும்.

இனிப் பழுதுவேலை. கச்சான் அடிக்கும் மாதங்களில் காய்ந்து சுருங்கிய பலகை ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் குடித்து அகலவாக்கில் பருக்கும், நீளவாக்கில் அசையாது. கதவு இறுகுவது இதனால்தான். தேக்கு இந்த அசைவு குறைந்த மரம் என்று பெயர் வாங்கியது. இறுகினாலும் ஓரத்தைச் சீவுளியால் இரண்டு இழை இழைத்துவிடலாம். முதிரையில் நார் ஒரு படை இடப்பக்கம், அடுத்த படை வலப்பக்கம் என்று சாய்ந்து பின்னிக் கிடக்கும். பட்டுப்போல் மின்னுவதும் அதனால்தான், சீவுளிக்கு அடங்காததும் அதனால்தான். எந்தப் பக்கமிருந்து இழைத்தாலும் ஒரு படை பிய்ந்து வரும். கூரான சுரண்டு தகட்டால் மெல்ல மெல்ல எடுக்க வேண்டும். தூள் தோலில் பட்டால் சிலருக்குக் கடித்துத் தடிக்கும், முகக்கவசம் கட்டாயம். (தேக்கும் உளியை மழுக்கும், அதற்குள் மணற்சத்து உண்டு. ஆனால் பிய்ந்து வராது.)

பிணைச்சல் கழன்றால் முதிரையின் பிடிவாதம் இன்னும் தெரியும். துளையிடாமல் ஆணி இறக்கினால் மரம் வெடிக்கும், பித்தளைத் திருகாணி என்றால் தலை முறியும். 8ஆம் நம்பர் திருகாணிக்கு 1/8 அங்குலத் துளை போட்டு, முதலில் அதே அளவு இரும்புத் திருகாணியை இறக்கிக் கழற்றி, பிறகு மெழுகு தடவிய பித்தளையைப் போடுங்கள். உடைந்த கண்ணாடிக்கு 5 மில்லிமீற்றர் போட்டுக் கொடுப்பதும் ஒரு வழக்கம். நாலடி உயரம், பதினைந்து அங்குல அகலக் கதவில் 3 மில்லிமீற்றர்க் கண்ணாடி மூன்றரைக் கிலோ; 5 என்றால் ஆறு கிலோவை நெருங்கும். ஏற்கெனவே கனத்த முதிரைச் சட்டத்தோடு அதையும் பிணைச்சல் தாங்காது.

தேக்கிலும் ஒரு வில்லங்கம் உண்டு: எண்ணெய்ச் சத்தால் பசை சரியாகப் பிடிக்காது. ஆடும் மூட்டை ஆணி அடித்து இறுக்காதீர்கள். மர முளையைப் பின்பக்கமிருந்து தட்டி எடுத்து, கொட்டாப்புளியால் மூட்டைப் பிரியுங்கள். விலங்குத் தோலில் காய்ச்சிய பழைய வச்சிரப் பசை இளஞ்சூட்டு நீரில் இளகும். முழுக்கச் சுரண்டி எடுக்காவிட்டால் அதன்மேல் வெள்ளைப் பசை ஒட்டாது. காய்ந்த பின் நாக்கை (மூட்டின் துளைக்குள் நுழையும் முனையை) அசிற்றோன் நனைத்த துணியால் துடைத்து, அது உலர்ந்தவுடன் பசை தடவிக் கோத்து, ஒரு நாள் முழுக்க கிளாம்பில் வையுங்கள். நாக்கு தளர்வாக இருந்தால் மெல்லிய தேக்குச் செதிலை ஒட்டித் தடிப்பாக்கலாம். ஊர் ஓடாவியார் அரை நாளில் முடிக்கிற வேலை.

வாங்கும் இடத்தில் முகப்பைப் பார்த்து மயங்காமல் அலுமாரியைச் சரித்து அடியையும் முதுகையும் பாருங்கள். கறையான் ஏறுவது சுவரோடு ஒட்டிய முதுகுப் பக்கம்தான். அங்கே மலிவு மரமோ பிளைவுட்டோ போட்டிருந்தால் முன்னால் இருக்கும் வைரத்தால் பயனில்லை, புத்தகம் போய்விடும். கால் நுனியில் திருகாணிச் சாவியை ஊன்றுங்கள். சும்மா இறங்கினால் உக்கிவிட்டது. சிறு துளைகள் தெரிந்தால் கீழே கறுப்புத் தாள் விரித்து இரண்டு கிழமை விடுங்கள். புதிதாக மா கொட்டினால் வண்டு உயிரோடிருக்கிறது. கதவுப் பலகை சட்டத்தின் காடிக்குள் பசையின்றிச் சும்மா நிற்க வேண்டும். யாரோ ஆணி அடித்து நிறுத்தியிருந்தால் அடுத்த கோடையில் நடுவே பிளக்கும்.

"நூறு வருசத்துச் சாமான்" என்று விலை சொன்னால் திருகாணித் தலைகளைப் பாருங்கள். கூட்டல் குறி வெட்டு 1930களில்தான் வந்தது. பிணைச்சலில் அது இருந்தால் பிற்காலப் பழுதாக இருக்கலாம். உடலின் உள்மூட்டுகளிலேயே இருந்தால் பேரம் பேசலாம்.

வீட்டுக்கு வந்தபின் சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி வையுங்கள். எறும்புக்குப் பயந்து காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் காலின் வெட்டுமுனை நீரை உறிஞ்சி அடி உக்கும். கழிவு ஓயில் பூசுவது வேலிக் கட்டைக்குச் சரி, புத்தகத்துக்குக் கறை. பொலிஷ் மங்கியிருந்தால் உடனே மெஷின் போட்டு உரசாதீர்கள். மறைவான இடத்தில் ஸ்பிரிட் துணியை வையுங்கள். ஒட்டினால் அது அரக்குப் பொலிஷ், அதன்மேலேயே புதிதாகப் பூசலாம்.

முதிரைக்கு நான் முழு நியாயம் செய்யவில்லை என்றும் சொல்லலாம். மேலே சொன்ன கரைச்சல் பெரும்பாலும் கதவால் வருவது. கதவில்லாத, திறந்த தட்டு அலுமாரியில் இவ்வளவு கடுமையாகத் தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை. மூன்றடித் தட்டு நிறையப் புத்தகம் அடுக்கினால் முப்பது கிலோ. அதற்கு முக்கால் அங்குல முதிரைப் பலகை தாராளம். தட்டு ஒன்று குறைந்து புதுப் பலகை வாங்க நேர்ந்தால் மரம் கொண்டுபோகும் அனுமதிப்பத்திரத்தோடு வாங்குங்கள். வழியில் மறித்தால் "பழைய அலுமாரிக்குத்தான் ஐயா" என்ற கதை எடுபடாது.