எக்செல் 'சாம்ப்ளிங்' கருவி: கள ஆய்வுக்கு மாதிரி எடுக்க நம்பலாமா?

எக்செல்லோடு வரும் அனாலிசிஸ் டூல்பாக் என்ற புள்ளியியல் இணைப்பில் 'சாம்ப்ளிங்' என்றொரு கருவி இருக்கிறது. ஒரு பட்டியலிலிருந்து சிலரை மட்டும் (மாதிரியை) தேர்ந்தெடுத்துத் தருவது இதன் வேலை. ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் வழியாகப் போய் டூல்பாக்கை இயக்கிவிட்டால், டேட்டா பட்டியில் 'டேட்டா அனாலிசிஸ்' வந்துவிடும், அதற்குள் இருக்கிறது. கூடுதல் செலவில்லை, கற்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் குடும்பங்களையோ மாணவர்களையோ தேர்ந்தெடுக்க இதை அப்படியே பயன்படுத்தினால் மாதிரி கெட்டுவிடும்.

முதல் சிக்கல் 'ரேண்டம்' விருப்பத்தில். எடுத்த சீட்டை மறுபடி குடத்துக்குள் போட்டுக் குலுக்குவது போலத்தான் இது வேலை செய்கிறது. ஒரே எண் இரண்டு மூன்று தடவை வரலாம். 1,200 குடும்பங்களில் 300 கேட்டால், சராசரியாக 265 வெவ்வேறு குடும்பங்கள்தான் கிடைக்கும். மீதி 35 இடங்களில் ஏற்கெனவே வந்தவையே திரும்ப நிற்கும். களப்பணியாளர் ஒரே வீட்டு வாசலில் இரண்டாம் முறை போய் நிற்கும்போதுதான் இது தெரியவரும்! இரண்டு எண்களுக்கு இடையே ஒரு முழு எண்ணைக் குலுக்கித் தரும் ராண்ட்பிட்வீன் சார்பை 300 வரிசைக்கு இழுத்துவிடுபவர்களுக்கும் இதே கதிதான்.

'பீரியாடிக்' விருப்பம் முறைசார் கூறெடுப்பு (குலுக்கிய ஓர் இடத்தில் தொடங்கி, சம இடைவெளி விட்டு எடுப்பது) போலத் தோன்றும், ஆனால் அதன் பாதிதான். இடைவெளி 4 என்று கொடுத்தால் 4, 8, 12 என்று எப்போதும் நான்காவதிலிருந்தே தொடங்கும். முதல் மூன்று பேருக்கு வாய்ப்பே கிடையாது. தொடக்க எண்ணைக் குலுக்கி எடுப்பதில்தானே இந்த முறையின் உயிர் இருக்கிறது? சரிசெய்ய ஒரு குறுக்கு வழி உண்டு. 1 முதல் 4 வரை ஒரு எண்ணைக் குலுக்குங்கள். 2 வந்தால், இன்புட் ரேஞ்சை (கருவி எடுக்க வேண்டிய பட்டியல் பகுதியை) மூன்றாவது பதிவிலிருந்து கொடுங்கள். கருவி 6, 10, 14 என்று எடுக்கும். 2-ஐக் கையால் சேர்த்துக்கொள்ளுங்கள். இத்தனைக்குப் பிறகும் பட்டியலின் வரிசையை ஒருமுறை பார்த்தாக வேண்டும். தளத்துக்கு நான்கு வீடு என்று கதவிலக்க வரிசையில் எழுதிய பட்டியலில் இடைவெளியும் 4 என்றால், எல்லாத் தளத்திலும் ஒரே மூலை வீடுதான் மாட்டும். மூலை வீடு பெரிதாக, வாடகை அதிகமாக இருந்தால் வருமானக் கேள்வியின் விடை அத்தனையும் சாய்ந்துவிடும்.

சில்லறைக் குறைகளும் உண்டு. எண்களை மட்டுமே ஏற்கும், பெயர் கொடுத்தால் பிழை காட்டும். இரண்டு நெடுவரிசை கொடுத்தால் இரண்டிலிருந்தும் கலந்து எடுக்கும். படுகைவாரியாக, அதாவது பட்டியலை உட்பிரிவுகளாக்கி ஒவ்வொன்றிலிருந்தும் தனியாகப் பிரித்தெடுக்க வசதி இல்லை. ஒவ்வொரு படுகைக்கும் தனித்தனியாக ஓட்ட வேண்டும்.

அப்படியானால் எக்செல்லையே ஒதுக்க வேண்டுமா? தேவையில்லை. பட்டியலுக்குப் பக்கத்து நெடுவரிசையில், 0-க்கும் 1-க்கும் இடையே ஓர் எண்ணைக் குலுக்கித் தரும் ராண்ட் சார்பை 1,200 வரிசைக்கும் இடுங்கள். அந்த நெடுவரிசையை நகலெடுத்து, பேஸ்ட் ஸ்பெஷலில் 'வேல்யூஸ்' கொடுத்து அதே இடத்தில் ஒட்டுங்கள். பிறகு அதை வைத்து மொத்த அட்டவணையையும் ஏறுவரிசைப்படுத்தினால், மேலே நிற்கும் 300 பேர்தான் உங்கள் எளிய சமவாய்ப்பு மாதிரி, அதாவது எல்லோருக்கும் ஒரே அளவு வாய்ப்புத் தந்து எடுத்த மாதிரி. யாரும் இரண்டு முறை வர வழியில்லை. 'வேல்யூஸ்' படியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். ராண்ட் ஒவ்வொரு கணக்கீட்டுக்கும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், நாளைக்குக் கோப்பைத் திறந்தால் இன்றைய தேர்வை நிரூபிக்க எதுவும் மிஞ்சாது. வரிசைப்படுத்தும்போது 'எக்ஸ்பேண்ட் த செலக்‌ஷன்' கேட்டால் அதையே தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் எண்கள் மட்டும் இடம் மாறும், பெயர்கள் பழைய வரிசையிலேயே கிடக்கும். பட்டியல் முன்பு எப்படி இருந்ததோ அப்படியே முதல் 300 பேரை எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள்.

ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழி தெரிந்தவர்களுக்கு இந்தப் பாடு இல்லை. அதன் சாம்பிள் சார்பு இயல்பாகவே திரும்ப வைக்காமல் எடுக்கும், குலுக்கலின் தொடக்கத்தை நிர்ணயிக்கும் செட்.சீட் எண்ணைக் குறித்துவைத்தால் அதே மாதிரியை மறுபடி வரவழைக்கலாம்.

எந்தக் கருவியானாலும் பட்டியலைத் திருத்தித் தராது. ஒரே குடும்பம் இரண்டு எழுத்துக்கூட்டலில் பதிவாகியிருந்தால் அதற்கு வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பு. ஒரே மாதிரிப் பதிவுகளை நீக்கும் எக்செல்லின் 'ரிமூவ் டூப்ளிகேட்ஸ்' அதைப் பிடிக்காது, முகவரி நெடுவரிசையை வைத்துக் கண்ணால்தான் தேட வேண்டும். இன்னொன்று: 80 சதவீதம் பேர் பதில் தருவார்கள் என்று எதிர்பார்த்தால், 300 பேட்டிக்கு முதலிலேயே 375 பேரை எடுத்துவிடுங்கள். பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டைச் சேர்க்கக் களப்பணியாளருக்கு அனுமதி தரவேண்டாம். பகலில் வீட்டில் இருப்பவர்களாகவே மாதிரி நிரம்பிவிடும்.